ஹத்தா மலை விடுதியில் எங்கள் முதல் சண்டை

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து போன முதல் சுற்றுலா இது. பழனிக்கும் வேளாங்கண்ணிக்கும் குடும்பத்தோடு வேன் பிடித்துப் போனதையெல்லாம் கணக்கில் சேர்க்காதீர்கள். அதில் நான் ஊருக்கே புளிசாதம் கட்டிக்கொண்டு போன சமையல்காரி. இது நாங்கள் இரண்டு பேர் மட்டும் போனது. இந்த ஜனவரியில், துபாயிலிருந்து நூற்று முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஹத்தா மலைப்பகுதியில், இரண்டு இரவு.

என்னோடு ஏற்கெனவே வால்பாறைக்கும் ஏற்காட்டுக்கும் இந்த வலைப்பூவில் வந்தவர்களுக்கு என்னைத் தெரியும். புதியவர்களுக்காக: நான் செல்வி, பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வாய் கொஞ்சம் ஜாஸ்தி. இவர் அபுதாபியின் மேற்குக் கோடியில் ருவைஸ் என்ற எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஊரில், சாரம் கட்டும் ஆட்களுக்குப் போர்மேன். கேம்ப்பில் ஆறு பேர் தங்கும் ரூமில் வாசம். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை நாற்பது நாள் லீவு.

அந்த நாற்பது நாளில் எங்களுக்குள் சண்டையே வராது. வளைகுடாவில் புருஷனை வைத்திருக்கும் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வாள். முதல் வாரம் சொந்தக்காரர்கள் வந்து போவார்கள், கடைசி வாரம் ஊறுகாயும் பொடியும் பெட்டி கட்டும் வேலை. நடுவில் இருக்கிற நாலு நாளை எவளாவது சண்டை போட்டு வீணாக்குவாளா? எரிச்சல் வந்தால் முழுங்கிக்கொள்வேன். அவர் விமானம் ஏறிய பிறகு, பாத்திரம் தேய்க்கும்போது தனியாக அவரோடு சண்டை போட்டுக்கொள்வேன். இதில் "எங்களுக்குள்ள ஒரு நாளும் சண்டை வந்ததில்லையாக்கும்" என்று ஸ்டாஃப் ரூமில் பெருமை வேறு அடித்துக்கொள்வேன்.

இந்தத் தடவை நான் விசிட் விசாவில் வந்ததற்கு ஒரு காரியம் இருந்தது. மார்ச் கடைசியில் இவருடைய கான்ட்ராக்ட் முடிகிறது. இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்லிக் கம்பெனியில் கேட்டிருக்கிறார்கள். வீடு கட்டியாயிற்று, மகன் திருச்சியில் ஹாஸ்டலில் கடைசி வருஷம் படிக்கிறான், வீட்டில் நான் ஒண்டிக்கட்டை. "போதும், வந்துருங்க" என்று ஃபோனில் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்: "பாக்கலாம்." ஞாயிற்றுக்கிழமை டூட்டிக்குப் போனதும் அவர் ஆம், இல்லை என்று ஏதாவது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதற்குள் நேருக்கு நேர் கேட்டுவிடுவது என்றுதான் வந்தேன்.

கேம்ப்பில் பெண்களைத் தங்க விடமாட்டார்கள். அதனால் ஷார்ஜாவில் என் சித்தி மகள் மாலா வீட்டில் இருந்தேன். "எங்க வீட்ல பிள்ளைங்க சத்தத்துல நீங்க எங்க பேசப் போறீங்க? மலைப்பக்கம் போயிட்டு வாங்கக்கா" என்று அவள்தான் ஹத்தாவில் ஒரு விடுதியில் அறை பிடித்துக் கொடுத்தாள்.

வியாழக்கிழமை மதியம் இவர் ருவைஸிலிருந்து வாடகைக் காரில் வந்து சேர்ந்தார். வாடகை ஒரு நாளைக்கு நூற்றிருபது திர்ஹாம், பெட்ரோல் தனி. இரண்டரை மணிக்குக் கிளம்பினோம். ஹத்தாவுக்குப் போகிறவர்கள் இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். மதாம் வழியாக ஒரு பழைய சாலை இருக்கிறது. பார்க்கக் கிட்டத்தில்தான், இரண்டு பக்கமும் செம்மணல் மேடுகள், அழகும்கூட. ஆனால் நடுவில் கொஞ்ச தூரம் ஓமான் நாட்டு எல்லைக்குள் போகும். இப்போது நம் போன்ற வெளிநாட்டுக்காரர்களை அந்த வழியில் விடுவதில்லை. மாலா இதைப் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினாள். நானும் காரில் சொன்னேன்.

"நான் எத்தன வருசமா இந்த ஊர்ல இருக்கேன். கம்பெனி வேன்ல இதே ரோட்டுலதான் போனோம்" என்றார் இவர்.

அது எந்தக் காலத்திலோ போனது. செக்போஸ்ட்டில் சின்ன வயதுப் போலீஸ்காரர் ஒருவர் இவர் அட்டையையும் என் பாஸ்போர்ட்டையும் பார்த்துவிட்டு, "ஹத்தா? யஹான் ஸே மாஃபி, பாய். கல்பா ரோட்" என்று பாதி இந்தி பாதி அரபியில் இந்த வழி இல்லையெனச் சொல்லி, சிரித்த முகத்தோடு கையைத் திருப்பிக் காட்டினார். வந்த வழியே திரும்பி, மலீஹா தாண்டிப் போகும் கல்பா சாலையைப் பிடிப்பதற்குள் முக்கால் மணி நேரம் வீண். எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. வழக்கம் போல முழுங்கினேன்.

அந்தச் சாலையில் போகப் போக மணல் தீர்ந்து மலை வரும். நம் ஊர் மலைகளை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். ஒரு மரம் கிடையாது, மொத்தமும் காய்ந்த கருப்பட்டியை உடைத்துக் கொட்டின மாதிரி பாறை. முதலில் "இதுக்கா இவ்வளவு தூரம்?" என்று தோன்றும். வெயில் சாய்ந்த பிறகு அதே பாறையில் ஊதா, செம்பு, சாம்பல் என்று நிறம் மாறிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்ததும் என் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் மறந்துவிட்டேன்.

விடுதி ஊருக்கு வெளியே ஆறு கிலோமீட்டரில், ஒரு பேரீச்சந்தோட்டத்தை ஒட்டி இருக்கிறது. கல் சுவர், தாழ்ந்த கூரை, மொத்தமே ஏழு அறை. காலைச் சாப்பாட்டோடு ஓர் இரவுக்கு முந்நூற்றெண்பது திர்ஹாம். சனி, ஞாயிறு என்றால் இன்னும் ஏறும். சமையலும் மேற்பார்வையும் கீழக்கரைக்காரரான ஜமால் பாய். நாங்கள் தமிழ் என்று தெரிந்ததும் அவருக்கு வாயெல்லாம் பல். "மலைல வந்து மந்திச் சோறு சாப்புடவா போறீங்க? நாளைக்கு ராவைக்கு நான் மீன் ஆணம் வச்சுத் தர்றேன். கல்பா கடல் இங்கேர்ந்து பக்கம்தான்" என்றார். சொல்லி வைத்தால் ஆளுக்கு முப்பத்தைந்து திர்ஹாமில் சோறும் மீன் குழம்பும் தருவார். போகிறவர்கள் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

முதல் இரவு ஊருக்குள் ஒரு ஏமன்காரர் கடையில் பிரியாணி மாதிரியான ஆட்டுக்கறி மந்தி வாங்கினோம். ஒரு தட்டு நாற்பத்தைந்து திர்ஹாம், இரண்டு பேருக்குத் தாராளம். நான் இரண்டு வாய் வைப்பதற்குள் இவர் சாப்பிட்டு முடித்து, கை கழுவி, காருக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டார். கேம்ப் மெஸ்ஸில் பின்னால் ஒருத்தன் தட்டோடு இடத்துக்குக் காத்துக்கொண்டு நிற்பானாம், அதனால் வந்த பழக்கம். லீவில் வரும்போதும் இப்படித்தான் சாப்பிடுவார். வீட்டில் நான் பரிமாறிக்கொண்டே நிற்பதால் எனக்கு உறைத்ததில்லை. இங்கே ஒரு பெரிய தட்டின் முன்னால் தனியாக உட்கார்ந்து மென்றுகொண்டிருந்தபோது உறைத்தது. அதையும் முழுங்கினேன்.

வெள்ளிக்கிழமைதான் ஊர் சுற்றின நாள். காலை எட்டு மணிக்கே பழைய கிராமத்துக்குப் போய்விட்டோம். கல்லும் மண்ணும் பேரீச்ச மட்டையும் வைத்துக் கட்டின வீடுகளை அப்படியே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். கட்டணம் இல்லை. மேலே ஒரு காவல் கோபுரம் இருக்கிறது. செருப்பு வழுக்கும், ஷூ போட்டுக்கொள்ளுங்கள். கீழே தோட்டத்துக்குள் குறுகலான வாய்க்காலில் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடுகிறது. இந்த மொட்டை மலையில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்பதே ஓர் அதிசயம். நான் காலை நனைத்தேன். இவர் ஓரமாக நின்று என் செருப்பைப் பார்த்துக்கொண்டார்.

வாசலில் உள்ளூர் எமிராத்திப் பெண் ஒருவர் ரெகாக் சுட்டுக்கொண்டிருந்தார். சூடான கல்லில் மாவை உள்ளங்கையால் தடவி, காகிதம் போல ஆக்கி, முட்டையும் சீஸும் போட்டு மடித்துத் தருகிறார்கள். நம் தோசைக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி என்று சொல்லலாம். பத்து திர்ஹாம். பக்கத்தில் இரண்டு திர்ஹாமுக்குக் கரக் டீ. கட்டாயம் சாப்பிடுங்கள். இலந்தைப் பூத் தேனும் விற்கிறார்கள். நான் விலையைக் கேட்டுவிட்டு பாட்டிலைப் பத்திரமாகக் கீழே வைத்துவிட்டேன்.

பிறகு அணைக்கட்டு. ஹத்தாவுக்கு ஜனங்கள் வருவதே இதற்காகத்தான். பாறைகளுக்கு நடுவில் பச்சைத் தண்ணீர், அதில் கயாக் விடலாம். இரண்டு பேர் உட்காரும் படகு நாங்கள் போனபோது நூற்றைம்பது திர்ஹாம். எனக்கு ஒரே ஆசை. இவரைக் கேட்டால், "நீ போயிட்டு வா. நான் பையப் பாத்துக்கிட்டு நிக்கிறேன்" என்றார். பையில் ஒரு தண்ணீர் பாட்டிலும் அரை பாக்கெட் பிஸ்கட்டும் இருந்தது. ஒற்றை ஆள் படகில் நான் மட்டும் போய்விட்டு வந்தேன். கரையில் அவர் பையைக் கட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்தபோது எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

சாயங்காலம் அறைக்கு வந்ததும், அடுத்த நாள் மதியம் கிளம்புவதற்கு அன்றைக்கே துணியை மடித்துப் பையில் அடுக்க ஆரம்பித்தார். அதுவும் விளக்குப் போடாமல், ஃபோன் வெளிச்சத்தில். கேம்ப் ரூமில் நைட் டூட்டிக்காரன் யாராவது எந்நேரமும் தூங்கிக்கொண்டிருப்பானாம். அதனால் விளக்குப் போடுவதில்லை, வாய்விட்டுப் பேசுவதில்லை. நான் சுவிட்சைத் தட்டினேன்.

"ஏங்க, ஞாயித்துக்கிழம என்ன சொல்லப் போறீங்க?"

"பாக்கலாம்."

"என்னாத்தப் பாக்குறது? இன்னும் பாக்க என்ன மிச்சம் இருக்கு?"

"மெதுவாப் பேசு. பக்கத்துல ஆளு தூங்கும்."

"பக்கத்துல யாரு இருக்கா? மலைதான் இருக்கு. எந்திரிச்சா எந்திரிச்சுட்டுப் போவுது!"

அவ்வளவுதான், மடை உடைந்தது. சொன்ன பேச்சைக் கேட்காமல் வழியை விட்டது, என்னைத் தனியாக உட்கார வைத்துவிட்டு எழுந்து போனது, படகுக்கு வராதது, எல்லாவற்றையும் கொட்டினேன். "வந்து ஒரு நா முழுசா ஆவல. அதுக்குள்ள மூட்டையக் கட்டுறீங்க. எங்கூட இருக்கப் புடிக்கலன்னா சொல்லிருங்க, நான் கேக்குறத உட்டுர்றேன்!" என்றேன். கடைசி வார்த்தையில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

இவர் கையில் இருந்த சட்டையைக் கட்டிலில் வீசினார். அவர் ஒரு பொருளை வீசி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"நான் வந்து என்ன பண்ணுவேன், சொல்லு! லீவுக்கு வந்தா ஒரு வேலை செய்ய உடுறியா நீ? மோட்டாரு போடப் போனா 'நீங்க உக்காருங்க'ங்கிற. கடைக்குக் கெளம்புனா 'நீங்க உக்காருங்க, பய போவான்'ங்கிற. என் வீட்டுல எந்த சுவிட்சு எந்த ஃபேனுக்குன்னு எனக்குத் தெரியாது செல்வி! தெனம் கறியும் மீனுமா விருந்தாளி கணக்கா ஆக்கிப் போடுற. நாப்பத்தோராவது நாளு நான் யாரு?"

அவர் விடவில்லை.

"எங்க ரூம் கணேசன் எல்லாம் முடிச்சுட்டுத்தான் ஊருக்குப் போனான். ஆறே மாசம். திரும்ப விசா எடுத்து வந்துட்டான். ஏன்டான்னா, 'வீட்டுல எல்லாரும் அவங்கவங்க வேலையப் பாக்குறாங்கண்ணே, நான்தான் நடுவுல குறுக்க நிக்கிறேன்'ங்கிறான். எனக்கு அப்படி ஆயிட்டா?"

"இத வாயத் தொறந்து சொல்ல இத்தன வருசமா?"

"எப்பச் சொல்றது? ஏர்போர்ட்டுலயா?"

கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டார். கட்டிலில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும், எனக்குப் பயம் வந்துவிட்டது. மறுநாள் விட்டால் அவர் ருவைஸில் இருப்பார். இத்தனை வருஷம் பொத்திப் பொத்தி வைத்ததை இப்படிப் போட்டு உடைத்துவிட்டோமே, இந்த மனக்கசப்போடு போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டால் என்ன செய்வது? அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை என்பதும் உறுத்தியது. "நீங்க உக்காருங்க" என்று நான் சொன்னதெல்லாம் பாசத்தில்தான். அந்த மனுஷனை என் வீட்டில் உட்கார மட்டுமே விட்டிருக்கிறேன் என்று எனக்குத் தெரியவில்லை.

ஏழரை மணிக்கு ஜமால் பாய் கதவைத் தட்டினார். "சாப்பாடு ரெடிக்கா" என்றவர், கொஞ்சம் தயங்கி, "சத்தம் கேட்டுச்சு" என்றார்.

"மன்னிச்சுக்குங்க பாய்" என்றேன். வெட்கமாகப் போய்விட்டது.

"அட, நீங்க ஒண்ணு. நல்ல தமிழ்ச் சண்டை கேட்டு ரெண்டு வருசமாச்சு. அடுப்படில நின்னுக்கிட்டு எங்க ஊட்டு நெனப்பு வந்துருச்சு எனக்கு" என்றார். அவர் மனைவியும் கீழக்கரையில் இருக்கிறார்.

மீன் ஆணம் அமிர்தம். தேங்காய்ப்பால் ஊற்றி, புளி அளவாக வைத்து, வஞ்சிரம் துண்டு துண்டாக மிதந்தது. அந்த மனநிலையிலும் நான் இரண்டாம் தடவை சோறு வாங்கினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். வெளியே போன இவர் எனக்கு முன்னாலேயே சாப்பாட்டு மேஜைக்கு வந்திருந்தார். அன்றைக்கும் இவர்தான் முதலில் முடித்தார். ஆனால் எழுந்திருக்கவில்லை. கை காய, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, நான் கடைசிப் பருக்கையை எடுக்கும் வரைக்கும் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

சனிக்கிழமை காலையிலும் உம்மணாமூஞ்சிதான். "டீ?" என்றால் "ம்" என்றார். கேட்டால் சிரிப்பீர்கள், எனக்கு அது பிடித்திருந்தது. கோபம் ராத்திரி தாண்டி மறுநாள் வரைக்கும் நீள்வதெல்லாம் கூட இருக்கிற புருஷன் பெண்டாட்டிக்குத்தான் வாய்க்கும். எங்களுக்கு இதற்கு நேரமே இருந்ததில்லை. முட்டை, சப்பாத்தி, பேரீச்சம்பழம் என்று காலைச் சாப்பாட்டை முடித்ததும், என் முகத்தைப் பார்க்காமல், "வா. படகுக்குத்தான அந்தக் கத்து கத்துன" என்றார்.

இரண்டு பேர் படகில் ஏறினோம். ஏறினதும் வட்டமடிக்க ஆரம்பித்தது.

"லெஃப்டுல போடு. லெஃப்டு! லெஃப்டுன்னா தெரியாது? டீச்சராம் டீச்சரு!"

"நான் லெஃப்டுலதான் போடுறேன், நீங்க தண்ணியவா தள்ளுறீங்க? சாரத்தக் கழட்டுற மாதிரி அடிச்சா எப்படிப் போவும்?"

பக்கத்துப் படகில் ஒரு பிலிப்பினோ ஜோடி எங்களைப் பார்த்துத் துடுப்பை விட்டுவிட்டுச் சிரித்தது. படகு இன்னும் ஒரு சுற்றுச் சுற்றிப் பாறையில் போய் மெல்ல முட்டியது. இவரும் சிரித்துவிட்டார். திரும்பி, வாயை நன்றாகத் திறந்து, தோள் குலுங்கச் சிரித்தார். அப்போதுதான் பார்த்தேன், கடைவாயில் ஒரு பல் இல்லை.

"பல்லு எங்க?"

"புடுங்கியாச்சு. போன வருசம். வலி தாங்கல."

"எங்கிட்ட சொல்லவே இல்லியே?"

"சொன்னா நீ தூங்கமாட்ட" என்றார். பச்சைத் தண்ணீருக்கு நடுவில் அவர் கன்னத்தை வெளியிலிருந்து தொட்டுப் பார்த்தேன். அவர் தொட விட்டார். ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி நான் அதற்கு மேல் கேட்கவில்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. நவம்பரிலிருந்து மார்ச்சுக்குள் போங்கள், வெயில் காலத்தில் அந்தப் பாறை உங்களை வறுத்துவிடும். ராத்திரி குளிரும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். கார் இல்லாதவர்களுக்குத் துபாயிலிருந்து பஸ் உண்டு, கட்டணம் இருபத்தைந்து திர்ஹாம். ஆனால் விடுதி வரைக்கும் வராது, ஊருக்குள் இறங்கி டாக்ஸி பிடிக்க வேண்டும். கல்பா சாலையிலேயே போங்கள், கூட வருகிறவர் "எனக்குத் தெரியும்" என்றால் நம்பாதீர்கள். அணைக்கட்டுக்குக் காலை ஒன்பது மணிக்குள் போனால் கூட்டம் இருக்காது. எங்கள் இரண்டு பேருக்கும் அறை, சாப்பாடு, கார், படகு எல்லாம் சேர்த்து ஆயிரத்து ஐந்நூறு திர்ஹாமுக்குக் கொஞ்சம் மேலே ஆனது. இன்னும் ஒன்று. கூட்டிக்கொண்டு போகிறவரோடு சண்டை வந்தால் பயணம் கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். இரண்டாவது இரவும் ஒன்று இருக்கும்படி அறை பிடித்துக்கொள்ளுங்கள், அது போதும்.

திரும்பும் வழியில், மாலா வீட்டுக்குப் போவதற்கு முன்னால், இவர் ஷார்ஜாவில் ஒரு டிராவல்ஸ் கடை வாசலில் காரை நிறுத்தினார். கம்பெனி டிக்கெட்டைப் பணமாகத் தந்துவிடும். இவர் லீவுக்கு எப்போதும் இங்கேதான் எடுப்பாராம். காயல்பட்டினத்துத் தம்பி ஒருவர் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தார். என்னைப் பார்த்ததும், "அக்காவா? வாங்க, வாங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

இவர் மார்ச் மாதத்துக் கடைசித் தேதியைச் சொன்னார். தம்பி தட்டிக்கொண்டே, "ரிட்டர்ன் எப்பண்ணே போடட்டும்?" என்று கேட்டார்.

"ரிட்டர்ன் வேணாம்."

தம்பியின் கை அப்படியே நின்றது. இவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எனக்குக் கண் மறைத்துவிட்டது, நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"முடிச்சுட்டுப் போறீங்களாண்ணே? சந்தோசம். அப்ப இத்தன வருசத்துச் சாமான் எக்கச்சக்கமா இருக்குமே. எக்ஸ்ட்ரா கிலோ எவ்வளவு போடட்டும்?"

இவர் கொஞ்சம் யோசித்தார்.

"சாமான் ஒண்ணும் வேணாம் தம்பி. இந்தத் தடவ ஆளு மட்டும்தான் போறேன்."